இருபத்துமூன்று பேரும் அமைதியாகும் வரை

இரண்டாயிரத்து நாற்பத்தொன்றாம் வருடம் திருநெல்வேலியில் ஜன்னல் கண்ணாடி வியாபாரம் அடியோடு படுத்துவிட்டது. அதற்கு முன்பு ஆஸ்பத்திரிகள்தான் அவர்களுடைய பெரிய வாடிக்கை. பரிசோதனை முடிவு கெட்டதாக வந்தால் நோயாளியின் மச்சான் வரவேற்பறைக் கண்ணாடியை உடைப்பான். நல்லதாக வந்தால், இதற்கா இத்தனை நாள் எங்களை அலையவிட்டீர்கள் என்று சித்தப்பா உடைப்பார். எப்படிப் பார்த்தாலும் வாரத்துக்கு நாலு கண்ணாடி நிச்சயம். டாக்டர்கள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வார்டு சுற்றிய காலம் அது. ஒரு தோல் டாக்டர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஆறு மாதம் இருந்து, தலையில் படை வந்து, தன்னிடமே சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்ததாகச் சொல்வார்கள். படையை நான் பார்க்கவில்லை. ஹெல்மெட்டைப் பார்த்திருக்கிறேன்.

பிறகுதான் அமைதிப்பெட்டி வந்தது. அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் ஒன்றரை வரி நீளம்; சொல்லி முடிப்பதற்குள் நமக்கே படபடப்பு வந்துவிடும். ஆனால் விஷயம் எளிது. நோயாளியோடு வந்தவர்களின் கையில் ஒரு காப்பு மாட்டுவார்கள். அது நாடி, வியர்வை, ரத்தத்தில் ஊறுகிற கலவரம் எல்லாவற்றையும் அளந்து பெட்டிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். எல்லோரும் ஒரே சமயத்தில், முழுதாக அரை மணி நேரம் அமைதியாக இருந்தால் பெட்டி திறந்து முடிவைக் கொடுக்கும். அதுவரை டாக்டருக்கே தெரியாது. தெரிந்தால் அவரை மூலையில் ஒதுக்கிக் கறந்துவிடுவார்கள் அல்லவா?

முதல் வருடம் ஜனங்கள் குடும்பத்தோடு தூக்க மாத்திரை போட்டு ஆஸ்பத்திரி நடையில் வரிசையாகப் படுத்தார்கள். அதனால், விழித்திருக்க வேண்டும் என்று ஒரு விதி சேர்த்தார்கள். காப்பில் முதலில் சிவப்பு, பச்சை விளக்கு இருந்தது. யாருடையது சிவப்பாக எரிகிறதோ அவரைச் சொந்தக்காரர்கள் அடித்தார்கள். அடி வாங்கியவர் அமைதியாகாததால், விளக்கைப் பிடுங்கிவிட்டு மொத்தக் கணக்கை மட்டும் காட்டினார்கள். பக்கத்து ஊரில் ஒருவர் தன் மூத்த மருமகளின் காப்பை எருமையின் காலில் மாட்டினார். பத்தே நிமிடத்தில் அது அமைதியின் உச்சிக்குப் போய்விட்டது. ஒப்புதல் தரத் தலையசைக்கவும் என்று பெட்டி கேட்க, எருமையும் அசைத்தது. இன்றுவரை அந்த வீட்டு ரேஷன் அட்டையில் அது மூத்த மருமகள் இடத்தில் இருக்கிறது.

இப்படியாகத்தானே ஊர் இருக்கையில், ஆவணி மாதம் என் மனைவி பேச்சியம்மாளின் கழுத்தில் சுண்டைக்காய் அளவு ஒரு கட்டி வந்தது. டாக்டர் அதிலிருந்து ஒரு துளி சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். "நல்ல கட்டியா இருந்தா அது பாட்டுக்கு இருக்கட்டும். கெட்ட கட்டின்னா மூணு வாரத்துக்குள்ள மருந்து ஆரம்பிக்கணும். தள்ளிப்போடக் கூடாது" என்றார்.

மூன்றாம் எண் கவுண்டரில் ஜெபசெல்வி என்றொரு பெண். ஒரு தாளை நீட்டினாள்.

"ஐயா, நோயாளிகூட வந்திருக்கவங்க பேரை இதுல எழுதுங்க."

நம் கையில் ஒரு தாளைக் கொடுத்துச் சொந்தக்காரர் பேரை எழுது என்றால், கை தானாகக் கல்யாணப் பத்திரிகை எழுதத் தொடங்கிவிடும். முதலில் பேச்சியின் அண்ணன் உலகநாதன். அவர் பேர் முதலில் வராவிட்டால் வந்த இடத்தில் நாற்காலியில் உட்கார மாட்டார். அடுத்து என் தம்பி மந்திரமூர்த்தி. பிறகு கொழுந்தியாள்கள், அவர்கள் வீட்டுக்காரர்கள், துபாயில் இருக்கும் மகன் முகிலன், மருமகள், பெரியம்மா வழி, சித்தி வழி. தாள் போதாமல் திருப்பியும் எழுதினேன். என் பேரைக் கடைசியில், "தங்கள் நல்வரவை விரும்பும்" என்று போடுகிற இடத்தில் எழுதினேன்.

ஜெபசெல்வி எண்ணிப் பார்த்தாள். "ஐயா, நீங்க ஒருத்தர்தான வந்திருக்கிய?"

"ஆமா."

"அப்ப இந்த இருபத்துமூணு பேரு?"

"மத்தவங்கள்லாம் மனசால வந்திருக்காங்கம்மா."

"ஐயா, ஒங்க பேரு மட்டும் போதும். இத்தனை பேருக்கும் காப்பு மாட்டணும். இத்தனை பேரும் அமைதியா இருந்தாத்தான் பொட்டி தொறக்கும்."

"ஒரு பேரை விட்டா நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு எவனும் எங்க வாசப்படி மிதிக்க மாட்டான். ஒனக்குக் கல்யாணம் ஆயிட்டா?"

"இல்ல."

"ஆவும். அன்னைக்குப் பத்திரிகை அடிக்கும்போது என்னை நெனச்சுக்க."

அவள் பேச்சியைப் பார்த்தாள். பேச்சி, சீட்டால் விசிறிக்கொண்டே, "சொன்னா கேக்க மாட்டாவ. எழுதிக்க தாயி" என்றாள். அவளுக்குக் காப்பு மாட்டவில்லை. அந்தத் தாளில் நோயாளிக்கென்று தனியாக எதுவும் கேட்டிருக்கவில்லை. நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் பக்கத்தில் நோயாளியிடம் யார் என்ன கேட்கிறார்கள்?

மறுநாள் விஷயம் உறைத்து, பேரை எல்லாம் நீக்கலாமா என்று கேட்கப் போனேன். நீக்கலாமாம். ஆனால் நீக்கப்படுகிறவர் அதை அமைதியான மனநிலையில் சம்மதிக்க வேண்டுமாம். நான் உலகநாதனை மனதில் நினைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

எல்லோர் கையிலும் காப்பு ஏறியது; துபாய்க்குத் தபாலில் போனது. கணக்கைப் பார்க்க வீட்டுக்கு ஒரு சின்னத் திரை கொடுத்தார்கள். குளிர்பெட்டி மேல் வைத்தோம். முதல் நாள் கணக்கு: இருபத்துமூன்றுக்கு ஐந்து.

தனித்தனியாக இருந்தால் கவலை கூடும், ஒரே இடத்தில் கூடி இருங்கள் என்று ஆஸ்பத்திரியில் யோசனை சொன்னார்கள். துபாய்க்காரர்களைத் தவிர அத்தனை பேரும் பெட்டியும் படுக்கையுமாக எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார்கள். பொறுமையாக உட்கார்ந்திருப்பவனுக்கு எவ்வளவு பசிக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. காலையில் அறுபது இட்லி. பேச்சிதான் ஊற்றினாள். "நீ ஒண்ணும் அலட்டிக்காத, ஒனக்காகத்தான் நாங்கள்லாம் வந்திருக்கோம்" என்று சொல்லி, உலகநாதன் ஆறாவது இட்லிக்குச் சட்னி கேட்பார்.

ஆஸ்பத்திரியிலிருந்து பொறுமை சொல்லித்தர ஒரு வாத்தியாரை அனுப்பினார்கள். இருபத்தாறு வயதுத் தம்பி, காவிச் சட்டை. முதல் பாடம், அடுப்பில் பாலை வைத்துவிட்டுச் சுற்றி உட்கார்ந்து அது பொங்கும்வரை பார்ப்பது. இரண்டாம் பாடம், ஏதாவது ஒரு கம்பெனிக்குப் போன் போட்டு, "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்பதை ஒரு மணி நேரம் கேட்பது. என் கொழுந்தியாள் ஒருத்தி அதில் இரண்டே நாளில் தேறிவிட்டாள்; எதிர்முனையில் ஆள் வந்து பேசியபோது கோபித்துக்கொண்டு போனை வைத்தாள். நாலாம் நாள் உலகநாதன் ஒரே சந்தேகத்தை ஏழாவது தடவை கேட்டார். வாத்தியார் மெல்ல எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுத் தெருமுனைக்குப் போய் நின்று கத்தினார். நல்ல குரல். அப்புறம் வரவில்லை.

அதன்பிறகு வகுப்பை நானே எடுத்தேன். எனக்கு இல்லாத தகுதியா? முப்பத்திரண்டு வருடம் ரயில்வே கேட் கீப்பர். எத்தனை ஆயிரம் பேரை வெயிலில் காக்க வைத்தவன்! தினம் பத்து மணிக்கு எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்துக் கதை சொன்னேன். கூட்ஸ் வண்டி ஒன்று என் கேட்டைக் கடப்பதற்குள், காத்திருந்த காரில் ஒருத்திக்குப் பிள்ளை பிறந்து, அதற்குப் பேரும் வைத்துப் பள்ளிக்கூடத்திலும் சேர்த்த கதை. எல்லோரும் சிரித்தார்கள். கணக்கு பதினைந்து ஆயிற்று, பதினெட்டு ஆயிற்று. இருபதுக்கு மேல் ஏறவில்லை.

பாக்கி மூன்று பேரில் இரண்டு பேர் யார் என்று ஊருக்கே தெரியும். உலகநாதனும் என் தம்பி மந்திரமும் பத்தொன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. முகிலன் கல்யாணப் பந்தியில் மந்திரம் அப்பளம் பரிமாறினான். உலகநாதனுடைய இலையை மட்டும் தாண்டிப் போய்விட்டான். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். அன்றோடு சரி. இப்போது ஒரே கூடத்தில் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

பத்தொன்பதாம் நாள், மூன்று வாரத்துக்கு இரண்டு நாள் பாக்கி இருக்கையில், நான் நடுவில் போய் நின்றேன்.

"ஏல மந்திரம், அன்னைக்கு ஏம்ல அவரு எலையில அப்பளம் வைக்கல?"

மந்திரம் சுவரிடம் சொன்னான்: "கூடையில ஒடஞ்ச அப்பளந்தான் கெடந்துது. மாப்பிள்ளைக்குத் தாய்மாமன், அவருக்குப் போயி ஒடஞ்சதை வைக்கவா? முழுசு எடுத்துட்டு வாறதுக்குள்ள எந்திச்சுட்டாரு."

உலகநாதன் திரும்பினார். "இதை ஏன்வே பத்தொம்பது வருசமா சொல்லல?"

"நீரு கேட்டீரா?"

பேச்சி உள்ளே போய் எண்ணெய்ச் சட்டியை வைத்தாள். முழு அப்பளம் ஒன்றைப் பொரித்து மந்திரத்திடம் கொடுத்தாள். அவன் கொண்டுபோய் வைத்தான். உலகநாதன் ஒரு துண்டை ஒடித்து வாயில் போட்டார். "உப்பு கம்மி" என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தார். குளிர்பெட்டி மேல் எண் மாறியது. இருபத்துமூன்றுக்கு இருபத்திரண்டு.

அவ்வளவுதான். அங்கேயே நின்றுவிட்டது.

இன்னும் ஒரே ஒருவர். யார்? ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தோம். துபாய் மருமகளைச் சந்தேகித்தோம். அவள் வீடியோவில் வந்து அழுதாள். அன்று கணக்கு பதினாறுக்கு இறங்கியது. மூன்று வாரம் முடிந்தது. இருபத்திரண்டாம் நாள், இருபத்துமூன்றாம் நாள். நான் கதைகளைக் கூட்டினேன். தினம் மூன்று கதை. இஞ்சினை நிறுத்திவிட்டு டிரைவர் என்னிடம் வழி கேட்ட கதை, தண்டவாளத்தை ஒருவன் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு போன கதை. உலகநாதன் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறினார். "மாப்ளே, ஒம்ம மாதிரி ஒரு ஆளு கெடைக்கணுமே! வீட்டுல இப்பிடி இருக்கும்போதும் மலை மாதிரி இருக்கீரே!"

மலை மாதிரிதான் இருந்தேன்.

இருபத்தாறாம் நாள் காலை. பேச்சி வழக்கம்போல் பையை எடுத்துக்கொண்டு காய்கறி வாங்கப் போனாள். வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். அந்த ஒருவர் யார் என்று ஜெபசெல்வியின் காலில் விழுந்தாவது கேட்டுவிடுவது என்று முடிவு. கவுண்டரில் அவள் இல்லை. மாடியில் இருப்பதாகச் சொன்னார்கள். மாடியில், மருந்து ஏற்றுகிற வார்டின் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன்.

ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் பேச்சி. கையில் ஊசி, தலைக்கு மேல் பாட்டில். மடியில் காலிப் பை. பக்கத்து நாற்காலிக்காரியிடம் கத்தரிக்காய்ப் புளிக்குழம்புக்குப் பக்குவம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உள்ளே போனேன். "இங்க என்ன செய்யுத?"

"மருந்து ஏறுது. பார்த்தா தெரியலியா?"

"ரிசல்ட்டே இன்னும் வரலியே!"

"ஒங்களுக்கு வரல."

அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"மூணாம் நாளு வந்தேன்" என்றாள். "எம் பேருல இருக்க ரிசல்ட்டை எனக்குத் தருவியாம்மான்னு கேட்டேன். செல்வி சட்டப் பொஸ்தகத்தைப் பெரட்டிப் பார்த்துட்டு வந்தா. நோயாளி வந்து கேட்டா ஒடனே குடுத்துரணுமாம். பூட்டெல்லாம் கூட வாறவங்களுக்குத்தானாம். நாலு வருசத்துல ஒரு நோயாளியும் வந்து கேட்டதில்லையாம். யாரும் கேக்காத்தனால அவளுக்கே தெரியாமப் போயிட்டு."

"வீட்டுல சொல்லியிருக்கலாம்லா?"

"யாருட்டச் சொல்ல? நீங்க எல்லாரும் பாலைப் பார்த்துட்டு இருந்திய."

"காய்கறி வாங்கப் போறேன்னு..."

"ஆமா. மூணு மணி நேரம் கழிச்சு வெறும் பையோட வந்தேன். மூணு தடவை. ஏன்னு ஒருத்தரு கேக்கல. மத்தியானம் என்ன கொழம்புன்னு கேட்டிய."

இந்தக் காலத்து மருந்துக்கு முடி கொட்டுவதில்லை, வாந்தி இல்லை. முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. அறுபது இட்லி ஊற்றினால் யாருக்கும் முகம் வெளுக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

எனக்குச் சட்டென்று ஒரு கதை ஞாபகம் வந்தது. "பேச்சி, ஒரு தடவை நம்ம கேட்டுல ஒரு எஞ்சின் டிரைவரு..."

"போதும்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "அந்த ஒருத்தரு யாருன்னு வீடு பூரா தேடுதியளே. அது நீங்கதான்."

"நானா? நான் மலை மாதிரி..."

"பயம் வந்தா மட்டுந்தான் நீங்க கதை விடுவிய. முகிலன் வெளிய வர மாட்டேன்னு கெடந்த அன்னைக்கு, பிரசவ வார்டு வாசல்ல நின்னு அத்தனை பேரையும் சிரிக்க வச்சிய. உள்ள எனக்குக் கேட்டுது. நர்சும் சிரிச்சா. நான்தான் சிரிக்கல. இந்த மனுசன் இப்பிடிப் பயப்படுதாரேன்னு கெடந்தேன். நாப்பத்தேழு வருசமாத் தெரியாதா எனக்கு?"

நான் காப்பைப் பார்த்தேன். அதில் பார்க்க ஒன்றும் இல்லை. வெறும் வளையம்.

"கெட்ட கட்டியா?" என்று கேட்டேன். அந்த வார்த்தையை அன்றுதான் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன்.

"கெட்டதுதான்." பாட்டிலை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். "கழுத்தோட நிக்குதாம். பத்து தடவை மருந்து. பத்துல ஏழு பேருக்குச் சரியாயிருதாம். மூணு பேருக்கு ஆவலியாம். நான் எதுல வாறேன்னு தை மாசம் திரும்பப் பார்த்தாத்தான் தெரியும்."

அவளுடைய சும்மா இருந்த கையைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்து நாற்காலிக்காரி நாகரிகம் தெரிந்தவள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கதை எதுவும் ஞாபகம் வரவில்லை. பாட்டிலில் ஒவ்வொரு சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நர்ஸ் ஒரு தடவை வந்து போனாள். இருபத்தாறு நாளில் அன்றுதான் நான் மணி பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.

சட்டைப்பையில் போன் துடித்தது. பெட்டியிடமிருந்து செய்தி. "இருபத்துமூன்றுக்கு இருபத்துமூன்று. வாழ்த்துகள். தங்கள் குடும்பம் உண்மையைத் தாங்கும் நிலையை அடைந்துவிட்டது. பத்து நிமிடத்துக்குள் மூன்றாம் எண் கவுண்டருக்கு வந்து முடிவைப் பெற்றுக்கொள்ளவும்."

படித்து முடிப்பதற்குள் உலகநாதன் கூப்பிட்டுவிட்டார். போனைக் காதில் வைக்கத் தேவையில்லை, வார்டுக்கே கேட்டது. "மாப்ளே! தொறந்துட்டு! பொட்டி தொறந்துட்டு! எங்கவே இருக்கீரு? ஓடும்வே!" பின்னால் கைதட்டல், விசில், யாரோ விம்மி அழுகிற சத்தம், மந்திரம் அவரை "அத்தான் அத்தான்" என்று கத்திக் கூப்பிடுவது, ஒரு பாத்திரம் கீழே விழுந்து உருளுவது. பால் பாத்திரமாக இருக்கும்.

போன் மறுபடி துடித்தது. "இருபத்துமூன்றுக்கு இரண்டு. பெட்டி பூட்டப்பட்டது. பொறுமை காக்கவும்."

"என்னவாம்?" என்றாள் பேச்சி.

"பூட்டிக்கிட்டு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊசி போட்ட கை ஆடுகிற அளவுக்குச் சிரித்தாள். நர்ஸ் ஓடி வந்து திட்டிவிட்டுப் போனாள். சிரித்து ஓய்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"இப்ப எத்தனை?"

"ரெண்டு."

"அந்த ரெண்டுல நீங்க இருக்கியளா?"

கதை ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"இருக்கேன்" என்றேன்.

பாட்டிலில் இன்னும் பாதி இருந்தது. ஸ்டூலை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.